முதற் சீதனம்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகச் செல்வோர்க்கு உன்னிச்சைக் குளம் புதியதன்று. வயல்களுக்குப் பாயும் அக்குளத்து நீரே இன்று குழாய் வழியே வந்து நகரத்தாரின் தாகத்தையும் தணிக்கின்றது. அக்குளத்தை நம்பி வேளாண்மை செய்யும் இளைஞர் ஒருவர், நிறைமாதக் கர்ப்பிணியான தம் மனைவியுடனும் மாமியாருடனும் சென்ற மாதம் எம்மைக் காண வந்தார். அவர் கையில் வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. வெளியூரில் வாழும் உறவினர் கொடுத்தனுப்பியதாம்.

பிள்ளை பிறந்தவுடன் தொப்புட்கொடியில் எஞ்சும் இரத்தத்தை எடுத்து, கடல் கடந்த நாடொன்றில் ஆண்டுக் கணக்காக உறையவைத்துக் காப்பார்களாம். பிற்காலத்தில் அப்பிள்ளைக்குக் கொடிய நோய் வந்தால் அதுவே மருந்தாகுமாம். அதற்குக் கேட்ட தொகையோ, ஒரு போக வேளாண்மையில் செலவு போக அவர் கையில் மிஞ்சுவதிலும் அதிகம். “நகையை ஈடு வைக்கலாம் என்று இவ சொல்றா, ஐயா” என்றார் அவர். அப்பெண் தலை குனிந்தபடியே, “நாளைக்குப் புள்ளைக்கு ஒண்டு நடந்தா, காசைப் பார்த்தோமே என்று நாங்கதானே அழவேணும்?” என்றார்.

இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. பணத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினும், உண்மையில் இது அச்சத்தைப் பற்றிய கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொப்புட்கொடி இரத்தத்தின் மகிமை பொய்யன்று. எல்லா வகை இரத்த அணுக்களையும் உண்டாக்கவல்ல மூல உயிரணுக்கள் அதில் உள்ளன. 1988ஆம் ஆண்டு பாரிஸ் நகரில், சென் லூயி மருத்துவமனையில், எலியான் குளூக்மன் என்னும் பெண் வைத்தியர், ஃபன்கோனி இரத்தச்சோகை என்னும் பரம்பரை நோயால் வருந்திய அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு இவ்விரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார். உலகில் இவ்வகைச் சிகிச்சை அதுவே முதன்முறை. அதன்பின் இன்றுவரை 40,000க்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சையைப் பெற்றுள்ளனர்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். பாரிஸில் அச்சிறுவனைக் காத்தது அவனுடைய சொந்தத் தொப்புட்கொடி இரத்தமன்று. அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் இரத்தம். பிற்காலத்தில் பிழைத்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பிறர் பிள்ளைகளின் இரத்தத்தாலேயே பிழைத்தனர். காரணம் என்ன? தலசீமியா போன்ற பரம்பரை நோய் ஒரு பிள்ளைக்கு இருக்குமாயின், அக்குறை அப்பிள்ளையின் தொப்புட்கொடி இரத்தத்திலும் இருக்கும். இரத்தப் புற்றுநோயிலும் அதன் வித்து பிறப்பின்போதே இரத்தத்தில் கலந்திருக்கக் கூடும். நோய் கண்ட வயலின் நெல்லையே விதையாக எடுத்து, மறுபடியும் அவ்வயலிலேயே விதைப்பதால் யாது பயன்? இதை உன்னிச்சை உழவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆதலால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில், பிள்ளையின் சொந்தப் பிற்காலத் தேவைக்கென இவ்விரத்தத்தைச் சேமித்து வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று கூறியது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமும் அதே ஆண்டில், தனியார் சேமிப்பைக் காட்டிலும், தேவைப்படும் எவர்க்கும் உதவக்கூடிய பொது வங்கிக்குக் கொடுப்பதே சிறந்தது எனக் கருத்துத் தெரிவித்தது. குளத்து நீர் எல்லா வயல்களுக்கும் பாய்வதற்கும், ஒருவர் தம் குடத்தில் மட்டும் மொண்டு மூடி வைப்பதற்கும் உள்ள வேற்றுமையே இது.

இனி, வைக்கும் இடத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். இவ்விரத்தம் ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில், திரவ நைதரசனில் பல்லாண்டுகள் தளர்வின்றிக் காக்கப்படல் வேண்டும். ஒழுங்குக்கும் கண்டிப்புக்கும் பெயர்போன சிங்கப்பூரிலேயே, 2023 நவம்பரில், கோர்ட்லைஃப் என்னும் நிறுவனத்தின் தாங்கிகளிற் சில உரிய குளிரில் வைக்கப்படவில்லை என்பதை அந்நாட்டுச் சுகாதார அமைச்சு வெளிப்படுத்தியது. ஒரு தாங்கியில் மட்டும் ஏறத்தாழ 2,200 பிள்ளைகளின் இரத்தம் கெட்டுப்போயிற்று. பணம் கட்டிய பெற்றோர் அதனை எவ்வாறு அறிவர்? பூட்டிய பெட்டியைத் திறந்து பார்க்கும் நாள் வந்தால் அல்லவோ உள்ளிருப்பது தெரியும்!

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டியார், “விதைநெல்ல ஆரும் வித்துத் தின்ன மாட்டாங்க, ஐயா. ஆனா வைக்கிற இடம் தெரியாம வைக்கவும் மாட்டாங்க” என்றார். பட்டப் படிப்பில்லாத அவ்வம்மையார் உரைத்ததை நாம் எத்தனை பக்கம் எழுதினாலும் உரைக்க முடியாது.

அப்படியாயின் அவ்விரத்தம் வீண்தானோ என்று கேட்பீர்கள். வீணன்று. அதைச் சேமிப்பதற்கு உலகிலேயே சிறந்த வங்கி ஒன்று உண்டு. அது பிள்ளையின் உடலேயாகும். பிள்ளை பிறந்த பின்னரும் சில நிமிடங்கள் தொப்புட்கொடி துடித்துக்கொண்டிருக்கும். அத்துடிப்பின் வழியே, முதல் மூன்று நிமிடங்களுள், ஏறத்தாழ 80 முதல் 100 மில்லிலீற்றர் இரத்தம் தாயின் நச்சுக்கொடியிலிருந்து பிள்ளைக்குச் சேரும். பிள்ளையின் உடலில் உள்ள மொத்த இரத்தத்தோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கன்று. பிறந்து ஒரு நிமிடம் ஆகுமுன் கொடியை இறுக்கிக் கட்டலாகாது, ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுத்தல் நன்று என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்வாறு சேரும் இரத்தத்தில் உள்ள இரும்புச்சத்து, ஆறு மாதம் வரை பிள்ளையைச் சோகையிலிருந்து காக்க உதவும். பிறந்த பிள்ளை மூச்சுவிடாது வருந்தி உடனடிச் சிகிச்சை வேண்டிய வேளைகளில் மட்டும், வைத்தியரின் முடிவே முடிவாகும்.

நிறையப் பொறுத்தால் பையில் எடுக்க எஞ்சுவது குறையும். பையை நிரப்ப அவசரப்பட்டால் பிள்ளைக்குச் சேர்வது குறையும். என்றோ வரக்கூடுமென்று அஞ்சும் நோய்க்காக, இன்று நிச்சயமாகக் கிடைக்கும் நன்மையை இழக்கலாமா? எங்கள் மட்டக்களப்பில் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்து மணம் முடிப்பது வழக்கம். ஆணாயினும் பெண்ணாயினும், தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் முதற் சீதனம் இவ்விரத்தமே. அதற்கு ஈடும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். மூன்று நிமிடப் பொறுமை போதும்.

விதிவிலக்கு ஒன்றுண்டு. குடும்பத்தில் ஏற்கனவே தலசீமியா போன்ற நோயுள்ள பிள்ளை இருந்து, அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்குமாயின், நிலைமை வேறு. உடன்பிறந்தோர் இருவரின் உயிரணுக்கள் முற்றாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தகைய பெற்றோர் விளம்பரத் தாளை அல்ல, தம் பிள்ளையைப் பார்க்கும் இரத்தநோய் வைத்தியரையே பிரசவத்துக்குப் பல மாதங்கள் முன்னதாக நாடுதல் வேண்டும். மணம் செய்யப்போகும் இளைஞரும் யுவதியரும், தாம் தலசீமியாக் கூற்றைத் தாங்குவோரா என்பதை முன்கூட்டியே இரத்தப் பரிசோதனையால் அறிந்துகொள்வது அதனினும் நன்று. தாய் தந்தை இருவரும் தாங்குவோராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

அவ்விளம்பெண்ணுக்கு நாம் இறுதியாகக் கூறியது இதுவே: “மகளே, இதை வாங்காததனால் நீ பிள்ளைக்குக் குறை வைத்தவளாக மாட்டாய். அச்சத்தை விலைக்கு விற்போர் எக்காலத்திலும் உண்டு. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, கொடி கட்டுவதைச் சற்றுத் தாமதிப்பார்களா என்று குடும்பநல மாதிடம் கேள். நகை உன் கழுத்திலேயே இருக்கட்டும்.”

கணவர் எழுந்தபோது, “அப்ப நான் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையா, ஐயா?” என்று கேட்டார். இருக்கிறது என்றோம். குருநாகலிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் தலசீமியாப் பிள்ளைகள் மாதந்தோறும் பிறர் கொடுக்கும் இரத்தத்தாலேயே உயிர் வாழ்கின்றனர். 2014 முதல் நம் நாட்டில் இரத்ததானம் முழுவதும் கைம்மாறு கருதாதோர் கொடுப்பதாகவே நடந்துவருகின்றது. நோயுற்ற பிள்ளைக்கு இன்றே உதவும் இரத்தம் அவருடைய கையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ற வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. பெண்பிள்ளை, தாயும் சேயும் நலம். கொடி துடிப்பு அடங்கும் வரை பொறுத்தார்களாம். தகப்பனார் வீடு திரும்புமுன் இரத்த வங்கிக்குச் சென்று ஒரு பைன்ட் கொடுத்துவிட்டுத்தான் போனாராம்.