மூட்டைப்பூச்சியும் மேலதிகாரியும்

2012 நவம்பர் 26-ஆம் தேதி சிங்கப்பூரில் எஸ்.எம்.ஆர்.டி. கம்பெனியின் சீனநாட்டு பஸ் டிரைவர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் 88 பேர். மலேசிய டிரைவருக்கு ஒரு சம்பளம், எங்களுக்குக் குறைச்சலா என்பது ஒரு குறை. தங்குவிடுதியில் மூட்டைப்பூச்சி என்பது இன்னொன்று. அத்தியாவசியச் சேவையில் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்வது அங்கே குற்றம். ஐந்து பேர் சிறை சென்றனர். 29 பேரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அது சட்டத்தின் சங்கதி. நாம் பார்ப்பது வேறு. குறைகளை இன்னும் நன்றாகக் கவனித்திருக்கலாம் என்று கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. மூட்டைப்பூச்சி ஒரே ராத்திரியில் பெருகிவிடுமா? டிரைவர்களில் பெரும்பாலோர் சங்கத்திலும் இல்லை. பின்னே யாரிடம் போய்ச் சொல்வது?

தோட்டத்து ஆட்களுக்கு இது புரியாத கதையா? அந்தக் காலத்துக் கங்காணியை எடுத்துக்கொள்வோம். பெரட்டுக்கு ஆள் வந்தால்தான் அவருக்குத் தலைக்காசு. ஆகவே கடனைக் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டார். ஏச்சும் பேச்சும் வேறு. அவரை நாம் புகழவில்லை. ஆனாலும் லயத்துக் கூரை ஒழுகினால் துரையிடம் சொல்ல அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நம் பிள்ளைகளிடம் வேலை எப்படி என்று கேளுங்கள். சம்பளத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். "சூப்பர்வைசர் நல்ல மனுசன்", இல்லாவிட்டால் "அந்தாளு சரியில்லைண்ணே". இதுதான் முதலில் வரும்.

வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் விடுதி அறைகளுக்கு மருந்து அடித்தார்கள். டிரைவர்கள் வாயைத் திறந்தப்பவே அடிச்சிருந்தா?