கட்டாமல் விட்ட கால்

புன்னக்காயலில் காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள்: "கட்டிராதீங்க, காத்தாட விடுங்க. கெட்ட நீர் வடிஞ்சாத்தான் ஆறும்." என் பெரியம்மா அதை நம்பி இரண்டு வருஷம் புண்ணைத் திறந்தே வைத்திருந்தார். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே ஐந்து ரூபாய் நாணய அளவில் வந்தது, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. சுற்றிலும் தோல் கருத்துப் பலகைபோல் இறுகிப்போனது. விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், வெயில் ஏறும்வரை நின்றே பழகிய கால் அது.

16ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றிக்கஸ் என்ற பாதிரியார் ஆஸ்பத்திரி நடத்திய ஊர் இது. இங்கே இந்தப் பேச்சு இன்னும் செல்லுபடியாவதுதான் என்னை உறுத்துகிறது.

வடிவது கெட்ட நீர் அல்ல. காலிலிருந்து இதயத்துக்கு ஏறவேண்டிய ரத்தத்தைக் கெண்டைக்கால் தசை பிழிந்து மேலே தள்ளுகிறது. ஏறியது கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்லும் நோயில் இந்த வால்வுகள் பழுதாகிவிடும். நல்ல காலில் நடக்கும்போது இறங்கிவிடும் அழுத்தம், இந்தக் காலில் சரியாக இறங்குவதில்லை. அந்த அழுத்தம்தான் நீரை ரத்தக்குழாய்க்கு வெளியே கசியவிட்டுத் தோலை அரிக்கிறது. வள்ளத்தில் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு எத்தனை நாள் தண்ணீர் இறைப்பது?

அந்த ஓட்டையை அடைப்பது கட்டுதான். கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைக்கும்படி, மேலே போகப் போகத் தளர்ந்து வரும்படி கட்ட வேண்டும். "கட்டிப் பாத்தாச்சு, ஆறலையே" என்பவர்கள் பெரும்பாலும் கடையில் வாங்கிய கிரேப் துணியைப் புண்ணுக்கு மட்டும் சுற்றியவர்கள். அது சில மணி நேரத்தில் தொளதொளத்துவிடும். பாளையங்கோட்டையில் ஒரு செவிலியர் பெரியம்மாவுக்குக் கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாதத்தைச் செங்கோணமாக மடக்கி நிறுத்தினார். எலும்பு துருத்தும் இடமெல்லாம் பஞ்சு வைத்தார். விரல்களின் அடியில் தொடங்கிக் குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்க, முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய் முடித்தார்.

கட்டக்கூடாது என்ற பயத்தில் ஓர் உண்மையும் உண்டு. தமனி அடைத்த காலை இறுக்கினால் கால் அழுகிப்போகலாம். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் இதில் முக்கியமாகக் கவனமாக இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விகிதம் 0.8க்குக் குறைந்தால் முழு அழுத்தக் கட்டு கிடையாது. அளக்காமல் யாரையும் கட்டவிடாதீர்கள்.

கடல்தண்ணீரில் கழுவினால் ஆறும் என்பதும் தவறு. ஆறு கடலில் சேரும் உவர்நீரில் விப்ரியோ போன்ற கிருமிகள் வாழ்கின்றன. திறந்த புண் வழியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. சுத்தமான குடிதண்ணீர் போதும். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு எதுவும் இல்லாதபோது மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவதும் வீண். பெரியம்மா அப்படி விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். புண்ணில் தடவும் தேனைக்கூட நியூசிலாந்தில் 368 பேரிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கட்டுத்துணியைவிட அது கூடுதலாக ஆற்றவில்லை.

"ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வரும்" என்பது அடுத்த பேச்சு. பிரிட்டனில் 2004இல் வெளியான ஆய்வில், கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் புண் திரும்பியது. கட்டோடு அறுவையும் செய்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். இப்போது கத்திகூட வேண்டாம், லேசர் போன்ற வெப்பத்தால் பழுதான சிரையை மூடிவிடுகிறார்கள். 450 பேரை வைத்து 2018இல் வந்த ஆய்வில், புண் ஆறிய பின் செய்யலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கு ஆற 82 நாள் ஆனது. ஆரம்பத்திலேயே மூடியவர்களுக்கு 56 நாள்.

பெரியம்மாவுக்கு நாலாவது மாதம் புண் மூடியது. வியர்வையும் அரிப்பும் பொறுக்காமல் இரண்டு தடவை கட்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினோம். இப்போது தினமும் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே அழுத்தக் காலுறையை இழுத்து மாட்டிவிடுகிறார். அடுத்த தெருவில் ஓர் அண்ணன் காலைத் தொங்கவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். வரும் திங்கள்கிழமை அவரைக் கால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்குத் தூத்துக்குடி கூட்டிப்போகிறேன். பெரியம்மாவும் வருகிறார், தன் காலைக் காட்டிப் பேச.