இளமைச் சோர்வும் முதுமைச் சோர்வும்

ஏற்காட்டிற்குச் செல்வோருட் பலர் மனம் தேறுதற்பொருட்டே செல்கின்றனர். சேலத்திலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை எய்தியதும், ஏரியும் காப்பித் தோட்டங்களும் தண்ணிய காற்றும் அவர்களை எதிர்கொள்கின்றன. "நான்கு நாள் மலைமேல் இருந்து வா, எல்லாம் சரியாய்விடும்" என்று கவலையுற்றார்க்குச் சொல்லுதல் நம்மவர் வழக்கம். அலுப்புக்கு இம்மருந்து தகும். மனச்சோர்வு என்னும் நோய்க்குப் போதாது. காற்றே அந்நோயைத் தீர்க்குமாயின், சேர்வராயன் மலையிற் பிறந்து அங்கேயே வாழ்வோரை அஃது அணுகுதல் கூடாதன்றோ? மலையென்றும் சமநிலமென்றும் பாராது அது மாந்தரை அணுகுகின்றது. அணுகியும் நாம் அதனை அறிகின்றிலம். அதற்கு வேறு பெயர் இட்டுவிடுகின்றோம். இளைஞனிடத்துக் காணின் 'சோம்பல்' என்கின்றோம். முதியவரிடத்துக் காணின் 'வயது' என்கின்றோம். இவ்விரு பெயர்களும் பிழைபட்டன, அப்பிழையால் உயிர்களும் கெடுகின்றன என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது.

இழப்பு நேர்ந்தவழி வருந்துதல் மக்களியல்பு, அது நோயன்று. இரண்டு வாரத்திற்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியும் உள்ளம் வாடுதலோ, முன்பு இன்பந் தந்தவற்றில் நாட்டம் அறுதலோ நிலைபெற்று, அதனுடன் உறக்கம், உணவு, ஊக்கம், நினைவு, தன்மதிப்பு முதலியனவும் குலையுமாயின், மருத்துவர் அதனை மனச்சோர்வு நோய் என்பர். இவ்விலக்கணம் இருபது வயதினர்க்கும் எழுபது வயதினர்க்கும் ஒன்றே. ஆயின் நோய் பூணும் கோலம் பருவத்திற்கேற்ப மாறுகின்றது.

இளையோரிடத்து இது பலகால் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படும். நண்பரை விட்டு ஒதுங்குதல், பகலெல்லாம் படுக்கையிற் கிடத்தல், புத்தகத்தை விரித்தும் ஒருவரி மனத்திற் பதியாமை ஆகியன தோன்றும். பலர்க்கு இந்நோய் முதன்முதல் தலைகாட்டுவதும் இளமையிலேயே. இத்தகையோன் தேர்வில் தவறினால், வீட்டாரும் விடுதித் தோழரும் அவனைப் பொறுப்பற்றவன் என்பர். அவனும் அதனை நம்புகின்றான். தன்னைத் தானே இகழ்தல் இந்நோயின் ஒரு கூறாதலின், பிறர் இகழ்ச்சி நோய்க்கு உரமாய் முடிகின்றது.

முதியோர் தம் வாயால் "வருத்தமாயிருக்கிறது" என்று கூறுதல் அரிது. "உடம்பெல்லாம் வலி, பசியில்லை, விடியுமுன்னே விழித்துக்கொள்கிறேன்" என்பர். அவர்தம் துயரை உடலே பேசுகின்றது. மனச்சோர்வினால் வரும் மறதி, மூளைத் தேய்வினால் வரும் மறதியெனக் கருதப்பட்டுக் கைவிடப்படுதலும் உண்டு. முன்னது சிகிச்சையாற் பெரிதும் தெளியக்கூடியதாதலின் இத்தவறு கொடியது. பக்கவாதம், இருதய நோய், நீரிழிவு ஆகியவற்றோடு இது கூடிவருதலும், வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்துகளால் விளைதலும் உண்டு. ஆதலின் முதியோரை ஆராயும் மருத்துவர் உடலையும் உடனாராய்தல் இன்றியமையாதது.

இவ்வேறுபாடு கருதியே, 1980-களில் அமெரிக்க மருத்துவராகிய எசவேஜ் என்பாரும் அவர்தம் துணைவரும் முதியோர்க்கெனத் தனியானதொரு வினாநிரல் வகுத்தனர். 'ஆம்', 'இல்லை' என விடை கூறத்தக்க 30 வினாக்கள் அதிலுள்ளன; பின்னர் 15 வினாக்களாகவும் அது சுருக்கப்பட்டது. உறக்கக் குறைவு, உடல்வலி போன்றவை முதுமையிற் பிற காரணங்களாலும் வருமாதலின், அவற்றை நீக்கி உள்ளத்தின் நிலையையே அவ்வினாக்கள் நாடுகின்றன.

நம் நாட்டின் நிலை யாது? 2017-18ஆம் ஆண்டுகளில் முதுமை பற்றி இந்தியா முழுதும் நிகழ்ந்த பேராய்வில், 60 வயதுக்கு மேற்பட்டாருள் நூற்றுக்கு 8.3 பேரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. மருத்துவரால் அந்நோய் அறியப்பட்டதாகக் கூறியோரோ நூற்றுக்கு 0.8 பேரே. பத்து முதியோர் நோயுற்றால் ஒருவரது நோயே பெயர் பெறுகின்றது. எஞ்சிய ஒன்பதும் 'வயது' என்னும் பெயருள் மறைந்துபோகின்றன. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரத்திற் செய்த ஆய்வுகள் 2004, 2005ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோர் இளையோரிடையும் முதியோரிடையும் மிகுந்திருத்தலை அவை காட்டின. அச்சாவுகள் யாவும் இந்நோயால் நேர்ந்தன என்றல் பொருந்தாது. எனினும், இரு பருவத்தாரையும் கேட்பாரின்றி விடுதல் எத்துணை இடர் தருவதென்பது அவற்றாற் புலனாம்.

இனி மலைக்கு மீள்வோம். மலைச்சிற்றூர்களினின்று இளையோர் கல்வியும் கூலியும் நாடிச் சேலம், திருப்பூர், பெங்களூர் முதலிய நகரங்கட்கு இறங்குகின்றனர். காப்பிப் பழம் பறித்த கைகள் ஓய்ந்த முதியோர் வீட்டுத் திண்ணையில் எஞ்சுகின்றனர். இறங்கியவன் அயலார் நடுவே தனியன். எஞ்சியவள் தன்னூரிலேயே தனியள். மே மாதத்துச் சேர்வராயன் திருவிழாவிற்குப் பேரன் வந்தால், அவன் ஏன் பேசாதிருக்கின்றான் என்று பாட்டி அறியாள்; அவள் ஏன் உண்ணாதிருக்கின்றாள் என்று அவனும் அறியான்.

"துயரம் முதுமைக்கு இயல்பு; அதற்கு மருந்து எதற்கு?" என்பாரும், "அக்காலத்து இளைஞர்க்கு இந்நோய் ஏது?" என்பாரும் உளர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நிலைக்களம் நான்கென வகுத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என அவற்றைப் பெயரிடுகின்றார். பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரை இழத்தல் இழவு. பண்டை நிலை கெட்டுத் தளர்தல் அசைவு. அவர் கூறியது துயரத்தையே அன்றி நோயையன்று. ஆயினும் துயரத்திற்குக் காரணம் தேடினாரேயன்றி, வயதின்மேற் பழிபோட்டு அமைந்தாரல்லர். இளைஞனை இளிவும் முதியவரை இழவும் அசைவும் மிகுதியாக வருத்துகின்றன. வறுமை இருவர்க்கும் பொது. காரணம் தேடுகின்றவனே உதவி செய்யவல்லான்.

உதவிக்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. கோவாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 181 பேரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. மருத்துவரல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊரார், முதியோருடன் அமர்ந்து அவர்தம் இடர்களைத் தீர்க்கும் வழியும் உறங்கும் முறையும் பிறவும் எடுத்துரைத்தனர். அவ்வுதவி பெற்றாருள் நோய் முற்றியோர் நூற்றுக்கு 4 பேர் அளவே. பெறாதாருள் 14 பேர். இளையோரை உள்ளிட்ட பிறர்க்கும் இத்தகைய உரையாடற் சிகிச்சை பயன்படுமென அந்நாட்டிலேயே காட்டப்பட்டுள்ளது. நோய் கடியதாயின் மருந்தும் வேண்டும். அது பயன்தரச் சில வாரங்கள் ஆகும். முதியோர்க்குச் சிறிய அளவிலே தொடங்குவர்.

ஆதலின் தோழர்காள், நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்குச் சிற்றூர்கட்குச் செல்லும் நாம், சாலை பெருக்குதலோடும் மரம் நடுதலோடும் அமையாது, ஒவ்வொரு திண்ணையிலும் அமர்ந்து இரண்டு வினாக்களைக் கேட்போமாக: "இவ்விரண்டு வாரமாக மனம் வாடியிருக்கிறதா? பிடித்தவற்றில் நாட்டம் குறைந்திருக்கிறதா?" ஆம் என்பாரைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம், 2022இல் தொடங்கிய 14416 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணையும் அறிவிக்கலாம். அவ்வினாக்களையே நம் விடுதியில் அடுத்த அறைத் தோழனிடமும் கேட்போமாக. சோம்பேறி என்று அவனைச் சொல்லுமுன் கேட்டல் நம் கடன்.