கணினி அறைக்குப் பூட்டு தீர்வல்ல

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் நடந்தது இது. பள்ளிக் கணினி அறையில் ஸ்விட்ச் பெட்டி பக்கம் ஒரு கேபிள் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. கழன்றுவிட்டது என்று நினைத்து, காலியாக இருந்த துளையில் செருகினேன். சற்று நேரத்தில் எல்லாக் கணினிகளிலும் இணைப்பு போய்விட்டது. அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்திருக்கிறது! சரிசெய்ய வந்த தம்பி அதைப் பிடுங்கியதும் எல்லாம் ஓடியது. ஆனால் மறுநாள் முதல் அறைக்குப் பூட்டு. பிள்ளைகள் பல வாரங்கள் உள்ளே போகவில்லை.

அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டு, பிறகு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். 'எல்லோருக்கும்' என்று வரும் தகவலை ஸ்விட்ச், வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளிலும் அனுப்பும். பாதை வட்டமாக இருந்தால் அது சுற்றிச் சுற்றிப் பெருகும். 'இத்தனை சுற்றோடு நில்' என்ற கணக்கு ஈதர்நெட்டில் கிடையாது.

அதற்காக மாற்றுப் பாதையே வைக்காமல் இருக்க முடியாது. ஒரு கேபிள் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். இதற்கு 1985இல் வழி கண்டவர் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அதன் பெயர் ஸ்பானிங் ட்ரீ.

வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு ஸ்விட்சும் 'நானே தலைவன்' என்று 2 விநாடிக்கு ஒருமுறை பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சீட்டு அனுப்பும். தன்னைவிடச் சிறிய எண் உள்ள சீட்டு வந்தால், தன் உரிமையை விட்டுவிட்டு அந்த எண்ணையே மற்றவர்களுக்குச் சொல்லும். கடைசியில் ஒரே தலைவன். அவனிடம் போகக் குறைந்த செலவுள்ள பாதையை ஒவ்வொன்றும் வைத்துக்கொள்ளும். வட்டம் உண்டாக்கும் துளைகள் அடைக்கப்படும். அடைத்த துளையும் சீட்டுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பழைய முறையில் 20 விநாடி சீட்டு வராவிட்டால், மாற்றுப் பாதையைத் திறக்கும் வேலை தொடங்கும். 2001இல் வந்த புதிய முறை இன்னும் வேகமானது.

இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலையமைப்பு, இந்த முறை தாங்கும் அளவைத் தாண்டி வளர்ந்திருந்ததால் நாட்கணக்கில் முடங்கியது. ஊழியர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். யாரும் அமைத்து வைக்காவிட்டால் எல்லா ஸ்விட்சுக்கும் முன்னுரிமை எண் 32768தான். அப்போது தயாரிப்பில் பதிந்த முகவரி எண் சிறியதாக உள்ளதே தலைவன். அது மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாகவும் இருக்கலாம்.

என் கருத்து இதுதான். ஒரு கை தவறினால் முழு வலையமைப்பும் விழுகிறது என்றால், குறை அந்தக் கையில் மட்டும் இல்லை. கணினிகளுக்குச் செலவழிக்கும் பள்ளிகள், இந்த வசதி இல்லாத மலிவு ஸ்விட்சை வாங்கி மாட்டக் கூடாது. தெரிந்த ஒருவரை வைத்து ஒழுங்காக அமைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பூட்டுப் போட்டால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.

பத்துப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, கையில் எண் அட்டை கொடுத்து, சீட்டு மாற்றச் சொல்லுங்கள். ஒரே பாடவேளையில் புரிந்துவிடும். இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது செய்து பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.