கணனிப் பக்கம்: உடுக்குறியும் கேள்விக்குறியும்



தமிழ்ப் பாடசாலைக் கட்டணக் கணக்கை எக்ஸலில் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு.

ஒரே தகப்பனாரை ஒரு மாதம் சிவராஜா என்றும் மறுமாதம் சிவராசா என்றும் பதிந்திருப்போம். 'சம்இஃப்' சூத்திரத்தில் "சிவராஜா" என்று மட்டும் கொடுத்தால் மறுமாதக் காசு கூட்டலில் வராது.

"சிவரா*" என்று கொடுத்தால் இரண்டும் வரும்; உடுக்குறி எத்தனை எழுத்தையும் ஏற்கும். ஆனால் சிவராமனின் காசும் சேர்ந்துவிடும்!

"சிவரா??" என்று கொடுங்கள். ஒரு கேள்விக்குறி ஒரேயொரு குறியைத்தான் ஏற்கும். 'ஜா' நமக்கு ஓரெழுத்து. கணனிக்கோ ஜகரமும் அரவுமாக இரண்டு. 'மன்' என்பதில் மூன்று; ஆகவே சிவராமன் சேரமாட்டார்.

காசு கட்டியவரிடமே "நிலுவை இருக்கிறது" என்று கேட்டுச் சங்கடப்பட வேண்டாம் அல்லவா?