பிரபுக்கள் கைதட்டினர்!

பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி, 'பிகாரோவின் திருமணம்' என்ற நகைச்சுவை நாடகத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். மேடையேறக் கூடாது என்றான். தடையைத் தகர்த்தது யார்? ஏழைகளா? இல்லை, தோழர்களே! மாளிகைதோறும் அதனைப் படிக்கச் செய்து சுவைத்த பிரபுக்களே! 1784 ஏப்ரல் 27-இல் பாரிசில் அரங்கேறிற்று.

பணியாள் பிகாரோவின் மணப்பெண்மீது கண்வைக்கிறான் எஜமானப் பிரபு. பிறப்பன்றி இவனுக்கு ஏது பெருமை என்று பொருமுகிறான் பிகாரோ. எதிரே அமர்ந்திருந்த பட்டாடைப் பிரபுக்கள் கைதட்டினர்! அடுத்த இருக்கைக்காரனைத்தான் சாடுகிறான் என்று ஒவ்வொருவரும் எண்ணினர் போலும்.

நாடகமா புரட்சியை உண்டாக்கிற்று? பசியும் வரியும் உண்டாக்கின. ஆனால், சமையற்கட்டில் முணுமுணுக்கப்பட்டதை மேடையேற்றி உரக்கக் கேட்டவர், கடிகாரத் தொழிலாளியின் மகனான போமார்ஷே.

மன்னன் மறக்கவில்லை. 1785 மார்ச்சில், 53 வயது ஆசிரியரை, வழிதவறிய வாலிபரை அடைக்கும் சேன் லசாரில் தள்ளினான். ஊர் முணுமுணுக்கவே, சில நாட்களில் விடுவித்தான். அந்த ஆகஸ்டிலேயே அரசி மேரி அந்தோனெத், தன் அரண்மனை மேடையில் தானே வேடம் புனைந்து நடித்தாள். நாடகம், அதே போமார்ஷேயின் 'செவில் நகர நாவிதன்'. அந்த நாவிதன், அதே பிகாரோ! பாஸ்டில் கோட்டை வீழ இன்னும் நான்காண்டே இருந்தது.