எண்ணிக்கை உயர்வதும் நோய் பரவுவதும் ஒன்றல்ல

“முன்பெல்லாம் இத்தனை குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருந்ததில்லையே?” என்று பெற்றோர் பலரும் எங்களிடம் கேட்கின்றனர். அக்கேள்விக்குப் பின்னே, ‘எங்கள் வளர்ப்பில்தான் குறையோ’ என்னும் அச்சமும் மறைந்திருக்கிறது.

எண்ணிக்கை உயர்ந்திருப்பது உண்மை. அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளிடையே எடுக்கப்பட்ட கணக்கின்படி, 2000ஆம் ஆண்டில் 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. 2022இல் அது 31 பேரில் ஒருவர் என்றானது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அளவுகோலும் மாறியது.

1943இல் லியோ கானர் விவரித்தது 11 குழந்தைகளை மட்டுமே. நெடுங்காலம் கடுமையான அறிகுறிகள் உடையோரே கணக்கில் வந்தனர். 1994இல் அமெரிக்க உளமருத்துவக் கையேடு ஆஸ்பெர்கர் நிலையைச் சேர்த்துக்கொண்டது. 2013இல் இவை யாவும் ஒரே தொகுப்பாயின. இதனால் சரளமாகப் பேசும் குழந்தைகளும், அறிவுவளர்ச்சிக் குறைபாடு என்று மட்டும் முன்பு குறிக்கப்பட்டோரும், கவனிக்கப்படாமலே போன பெண் குழந்தைகளும் இன்று அடையாளம் காணப்படுகின்றனர். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்தோரை ஆராய்ந்தபோது, உயர்வில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு வரையறையிலும் பதிவுமுறையிலும் நேர்ந்த மாற்றங்களே காரணம் எனத் தெரிந்தது. பெற்றோரின் வயது கூடுவதும், குறைமாதக் குழந்தைகள் மிகுதியாக உயிர்பிழைப்பதும் எஞ்சியதில் ஓரளவு பங்கு வகிக்கக்கூடும்.

தடுப்பூசிக்கு இதில் பங்கில்லை. அத்தகைய ஐயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் விலக்கிக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் எத்தொடர்பையும் காணவில்லை. ஆட்டிசத்துக்கு அஞ்சித் தடுப்பூசியைத் தவிர்த்தால், குழந்தை தட்டம்மைக்குத்தான் இரையாக நேரும்.

ஆகவே, இவ்வுயர்வை ஒரு சாபமாகக் கருதுவது தவறு என்பதே எங்கள் கருத்து. இக்குழந்தைகள் முன்பும் இருந்தனர். ‘அடங்காதவன்’, ‘மந்தமானவள்’ என்ற வசைப்பெயர்களுடன், உதவி ஏதுமின்றி வாழ்ந்தனர். இன்று சரியான பெயர் கிடைக்கும்போது பயிற்சியும் பள்ளியின் ஆதரவும் கிடைக்க வழி பிறக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றிருக்கிறது.

ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பாவிடினும், கற்ற சொற்களை இழந்தாலும், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ எனக் காத்திராதீர்கள். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். யார்மீது குற்றம் என்று தேடுவதில் கழியும் மாதங்கள், குழந்தைக்கு உரிய மாதங்கள்.